கமர்கட்டும் செந்நாயும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் போட்டோ எடுத்துப் பிழைத்தவளுக்குச் செந்நாயின் வேட்டை ஒன்றும் புரியாத சங்கதி அல்ல. பெரிய லென்ஸ்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று படகுத்துறையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடினால் அவர்கள் மறுபக்கம் நழுவிவிடுவார்கள். ஆகவே ஒருவர் முன்னால் போய், "அண்ணே, ஒரே ஒரு போட்டோ, ஒடனே கையில பிரிண்ட்" என்பார். வேண்டாமென்று இடப்பக்கம் திரும்புவார்கள். அங்கே இன்னொருவர் நிற்பார். அவருக்கும் தலையை ஆட்டிவிட்டு, இனித் தொல்லை இல்லையென்று நடையைத் தளர்த்துவார்கள். அப்படித் தளர்த்துகிற இடத்தில், குதிரைகள் நிற்கும் வளைவில், நான் நிற்பேன். ஓடமாட்டேன். கூப்பிடவும் மாட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "பூ சாஞ்சு கெடக்கு பாரும்மா" என்பேன். அவள் கை தலைக்குப் போவதற்குள் கேமரா என் கண்ணுக்கு வந்திருக்கும்.

பூண்டிக்குப் போகும் சாலையில் ஒருநாள், செந்நாய்க் கூட்டம் ஒன்று மிளாவை மடக்குவதைப் பார்த்தேன். கடமானைத்தான் எங்கள் பக்கத்தில் மிளா என்போம். ஒன்று முன்னால் போய்த் திருப்பியது. ஒன்று பக்கத்தில் நின்றது. பின்னால் துரத்தியவை அவசரமே படவில்லை. மிளா மூச்சு வாங்க நிற்கப்போகும் இடத்தில் ஒரு பெண் நாய் ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தது. நான் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "என்னங்க, நம்ம ஆளுங்க" என்றேன். அன்றைக்கு என் கையில் கேமரா இல்லை. அடுத்த முறை இருந்தது.

எங்கள் இருவரில் படம் பிடிப்பது நான். பார்வையைப் பிடிப்பது அவர். இதை விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். கைக்குழந்தை எதுவும் கேமராவைப் பார்க்காது. குல்லாய் மாட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டு, மரத்திலிருக்கிற குரங்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து ஒரு சத்தம் கொடுப்பார். டொக். ஒரே தடவைதான். குழந்தை, அதன் அப்பா, அம்மா, பின்னால் சோளம் தின்றுகொண்டு போகிறவர் என்று எல்லோரும் லென்ஸைப் பார்ப்பார்கள். நான் அழுத்திவிடுவேன்.

இதனால் குதிரைக்காரர்களுக்கும் எங்களுக்கும் தீராத சண்டை. குதிரையைக் கிளப்புகிற சத்தமும் அதேதான். இவர் நாக்கைச் சொடுக்கினால், பக்கத்தில் சும்மா நிற்கிற குதிரை, பாதி ஏறியும் ஏறாமலும் இருக்கிற ஆளோடு நடக்கத் தொடங்கிவிடும். "அண்ணே, குதிரைக்கு இருக்கு, ஒங்க நாக்குக்கு ஒரு கடிவாளம் வாங்கிப் போடுங்க" என்று கத்துவார்கள். இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த குழந்தைக்கு மறுபடியும் சொடுக்குவார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. புதுப்பெண்கள் தாங்களே கையை நீட்டித் தங்களை எடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கரையில் எங்களிடம், "அக்கா, இந்தப் போன்ல ஒண்ணு எடுத்துத் தாங்களேன்" என்று நீட்டுகிறவர்கள்தான் மிஞ்சினார்கள். அதற்காக நான் உட்கார்ந்து அழவில்லை. இரை போன பக்கம் வேட்டைக்காரன் போகவேண்டியதுதான். ஒரு பழைய பெரிய லென்ஸ் விலைக்கு வந்தது. கழுத்தில் கிடந்த சங்கிலி போய் லென்ஸ் கைக்கு வந்தது, அவ்வளவுதான். இவரிடம் ஜீப் இருந்தது. மேல்மலையில் பூண்டி, கிளாவரைப் பக்கம் எந்த வளைவில் எந்த நேரம் காட்டுமாடு நிற்கும் என்பது அவருக்குக் காதாலேயே தெரியும். நான்கைந்து வருடம் இருவரும் அந்தச் சாலையையே வீடாக்கிக்கொண்டோம். சாலையைவிட்டு இறங்குவதில்லை, எதையும் விரட்டுவதில்லை, சோறு வைத்து எதையும் கூப்பிடுவதில்லை. இவை வனத்துறை சொன்னவை. நாங்களும் அதையே எங்கள் சட்டமாக வைத்துக்கொண்டோம்.

படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மான் கட்சி. என் வீட்டுக்காரரும் மான் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபிக்கும்போதுகூட, போன வாரம் பார்த்த மிளாக்குட்டிக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்கிற மனுசர். நான் செந்நாய்க் கட்சி. மானுக்குப் புல் எங்கும் இருக்கிறது, குனிந்தால் சாப்பாடு. செந்நாய் தினக்கூலி. ஓடினால்தான் உண்டு, ஓடியும் பத்தில் பாதி நாள் இல்லை. வெறும் கையோடு வீட்டுக்குப் போகிற நாள் எப்படியிருக்கும் என்பது ஏரிக்கரைக்காரிக்குத் தெரியும். கொன்றால் என்ன, திட்டமிட்டுப் பசியோடு கொல்கிறது, பொழுதுபோகாமல் கொல்லவில்லையே என்று அவரிடம் வாதாடுவேன். அவர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து அந்த விருந்தாளி வந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். படம் எடுக்கும் நண்பர்கள் கூட்டம் ஒன்றை நடத்திவந்தார். வருடத்துக்கு இரண்டு முறை எல்லோருமாக எங்காவது காட்டுக்குப் போவார்கள். எங்கள் படங்களைப் போனில் பார்த்துவிட்டு, முதலில் தான் மட்டும் வந்து பார்ப்பதாகவும், திருப்தியென்றால் கூட்டத்தையே கூட்டி வருவதாகவும் சொன்னார். அந்தக் கூட்டம் வந்தால் எங்கள் ஜீப் மேல்மலைக்கு ஓடும். வரவில்லையென்றால், ஏரிக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் என் வீட்டுக்காரர் காவலாளியாகச் சேர்வதாக இருந்தது. சீருடைக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. அவர் அதைப்பற்றி எதுவும் பேசமாட்டார். எனக்குத்தான் அவரை அந்தக் காக்கிச் சட்டையில் நினைத்துப் பார்த்தாலே எரிச்சலாக வரும். கேட்டில் நின்று விசில் ஊதுவதற்கா கர்த்தர் அந்தக் காதைக் கொடுத்தார்?

விருந்தாளி நல்லவர்தான். ஆப்பிரிக்காவுக்கே போய்வந்தவர். "அங்கே சிங்கம் தூங்கறதைத்தான் மேடம் எடுத்தேன், எழுந்து கொட்டாவி விட்டதை எடுத்தேன். வேட்டை மட்டும் மாட்டவே இல்லை. எனக்கு ஒரு கில் வேணும். பல்லு கழுத்துல பதியற அந்த நொடி" என்றார், டீக்கடையில் வடைக்குச் சட்னி கேட்கிற குரலில். இதைச் சொன்னபோது ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தைரியம் இருந்தது. தை மாதம், புல்வெளியில் காலையில் உறைபனி கிடக்கிற சமயம். சாலைக்கு எதிர்ச்சரிவில் ஒரு பாறை இடுக்கில் செந்நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. மிளாவுக்காக முன்பே வந்து காத்து நின்றதாகச் சொன்னேனே, அதே பெண் நாய்தான். ஒரு காது நுனி கிழிந்திருக்கும். எந்த வளைவு என்று இங்கே சொல்லமாட்டேன், யார் கேட்டாலும் சொல்வதில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் குட்டிகள் வெளியே வந்து வெயில் காய்வதை லென்ஸ் வழியே எண்ணி வைத்திருந்தேன். ஐந்து. கூட்டத்தில் பெரியவை முன்பைவிடக் குறைந்துவிட்டன. குட்டிக்கு இரை கக்கிக் கொடுக்கவேண்டிய நேரம் வேறு. ஆகவே நாள் தவறாமல் வேட்டைக்கு வரும், அதுவும் இந்த ஓடைப் பக்கமே வரும் என்று கணக்குப் போட்டேன். பூண்டியில் ஒரு பூண்டு விவசாயியின் மாடியறையில் தங்கிக்கொண்டு, வெள்ளனே ஜீப்பைக் கிளப்பினோம்.

முதல் நாளே கணக்குப் பலித்தது. விருந்தாளி முன் இருக்கையில், ஜன்னல் விளிம்பில் பீன்ஸ் விதை நிரப்பிய பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தியிருந்தார். நான் பின்னிருக்கையில். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தலையைச் சாய்த்தார். "இந்தா, கேட்டியா? மேல சோலைக்குள்ள மிளா கத்துது. ஓடையப் பாத்து இறங்குது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஓசையில்லாமல் வளைவுவரை உருட்டி நிறுத்தினார். சொல்லிவைத்த மாதிரி ஒரு பெண் மிளா சரிவில் இறங்கி வந்து, சாலைக்குக் கீழே ஓடைத் தண்ணீரில் நின்றது. அதன் பின்னே அதன் குட்டி. அதற்குப் பின்னே செந்நாய்கள், ஒவ்வொன்றாக, புல்லில் பனியைச் சிதறிக்கொண்டு.

கிழிந்த காதுக்காரி எதிர்க்கரையில் முன்பே நின்றது. மிளா தலையைத் தாழ்த்திக் குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் விட்டுக்கொண்டது. எல்லாம் அப்படியே நின்றன. இந்த நிற்பு எனக்குத் தெரியும். அடுத்து யாரோ ஒருவர் அசைவார், எல்லாம் முடிந்துவிடும். விருந்தாளியின் முதுகு விறைத்தது. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஓடையில் நின்ற எல்லாத் தலைகளும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

டொக்.

மிளா பார்த்தது. அதன் குட்டி பார்த்தது. கிழிந்த காதுக்காரியும் மற்ற நாய்களும் கழுத்தைத் திருப்பி நேராக எங்கள் லென்ஸைப் பார்த்தன. என் விரல் தானாக அழுத்தியது. பழக்கப்பட்ட விரல், அந்தச் சத்தத்துக்கு அழுத்தாமல் இருக்கத் தெரியாது. மறுகணம் மிளா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது, குட்டியோடு சோலைக்குள் மறைந்தது. செந்நாய்கள் கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிவந்து, ஓடைக்கரையை மோந்து பார்த்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். கிழிந்த காதுக்காரி வெறும் வயிற்றோடு பாறைக்கு ஏறிப்போனது.

"யார் அது? யார் சத்தம் போட்டது?" விருந்தாளி லென்ஸிலிருந்து தலையை எடுத்துக் கேட்டார்.

"நாந்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "வேணும்னு பண்ணல. எல்லாம் வேற வேற பக்கம் பாத்துச்சா, நாக்கு தன்னால..."

"தன்னாலயா? ரெண்டு வருஷமா அலையறேன் சார் நான் இதுக்கு!" அவர் தன் கேமராவைத் திருப்பிக் காட்டினார். அவர் எடுத்த ஒரே படத்திலும் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. "பாருங்க. இது வேட்டையா? குரூப் போட்டோ! கல்யாண மண்டபத்துல எடுத்த மாதிரி நிக்குதுங்க!"

எனக்கு இரண்டு கோபம் சேர்ந்து வந்தது. வீட்டுக்காரர்மேல் ஒன்று, அவரை அதட்டிய ஆள்மேல் ஒன்று. விருந்தாளி அன்றைக்கே கீழே இறங்கிவிடுவதாகவும், நண்பர்களிடம் உள்ளதைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். நான் சொன்னேன்: "சொல்லுங்க சார். ஆனா நாளைக்குக் காலையில பாத்துட்டுச் சொல்லுங்க. அதுங்க இன்னைக்குப் பட்டினி. வீட்டுல குட்டி கெடக்கு. நாளைக்கு வெள்ளனே இதே ஓடைக்கு வரும். வரலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"அவரை விட்டுட்டு வர்றதா இருந்தா வர்றேன்."

"அவர் காது இல்லாம நான் போறதில்ல சார். காதுக்கும் நாக்குக்கும் ஒரே தலைதான். ரெண்டும் சேந்துதான் வரும்."

இதைச் சொல்லிவிட்டேனே ஒழிய, அறைக்குப் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊரிலிருக்கிற குழந்தைகளையெல்லாம் திரும்பிப் பார்க்கவைத்த நாக்கு, இன்றைக்கு எங்கள் பிழைப்பையும் திருப்பி அனுப்பிவிட்டது என்றேன். காக்கிச் சட்டைக்கு அவ்வளவு ஆசையா என்றும் கேட்டுவிட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சட்டையில எனக்கொண்ணும் இல்லம்மா. அந்தக் காதறுந்ததுதான் மனசுல நிக்குது. ஒண்ணுமில்லாம ஏறிப்போச்சே. மிளா பொழச்சதுல சந்தோசப்படக்கூட முடியல" என்றார். மான் கட்சி ஆள் இதைச் சொன்னதும் எனக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை. சாயங்காலம் அவர் தனியாகக் கடைப்பக்கம் போய்வந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பைக் கிளப்பும் முன் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கமர்கட்டு. கடைப் பாட்டிலில் இருந்ததில் பாதியாவது இருக்கும். இரண்டை எடுத்து, கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொண்டார். வெல்லம் பல்லோடு பல்லை ஒட்டிக்கொள்ள, நாக்குக்கு அசைய இடமில்லை. "ம்" என்று என்னிடம் காட்டினார். இரண்டு கன்னமும் உப்பியிருக்க, பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை போலிருந்தார். விருந்தாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வளைவுக்கு வந்து நெடுநேரம் காத்திருந்தோம். பனி இறங்கி ஏறியது. அவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, சரிவின் மேல்பக்கத்தைக் கையால் காட்டினார். கேட்டுவிட்டது. வாய் திறக்க முடியாததால் விரலாலேயே, இறங்குகிறது, இந்தப் பக்கம், சீக்கிரம் என்று சொன்னார். ஒரு மிளா வந்தது. நேற்று வந்தது அல்ல. குட்டி இல்லாத, கொஞ்சம் வயதான மிளா. ஓடையில் இறங்கியது. மேலே ஏறப் பார்த்தபோது ஒரு நாய் அங்கே நின்றது. திரும்பியது. அங்கே கிழிந்த காதுக்காரி நின்றது.

அதன் பின் நடந்ததை அழகாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. செந்நாய் புலியைப்போல் கழுத்தைப் பிடித்து முடித்துவிடுவதில்லை. சின்னப் பிராணி. பின்னாலிருந்து பிடிக்கும், வயிற்றைப் பிடிக்கும். மிளா நின்றபடியே இருக்கும்போது தின்னத் தொடங்கிவிடும். மிளா ஒருமுறை கத்தியது. படங்களில் அந்தச் சத்தம் வருவதில்லை. பார்க்கிறவர்கள் பல்லு பதியும் நொடி என்று பேசுவதற்கும் அதுதான் காரணம்.

நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு வெட்கமில்லை. முன்னிருக்கையிலிருந்து ஒரு கிளிக் சத்தமும் வரவில்லையே என்று பார்த்தால், விருந்தாளி கேமராவைப் பையின்மேல் அப்படியே விட்டுவிட்டு இரு கைகளாலும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விரட்டுங்க" என்றார். "ஐயோ, உயிரோட... விரட்டுங்க அதுகளை!" நாங்கள் அசையவில்லை. அவர் எட்டி ஹாரன்மேல் கை வைக்கப் போனார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு வாய் திறக்க முடியாது. "ம்ம், ம்ம்" என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து உப்பிய கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மிளாவைப் பார்த்து அழுதுகொண்டே, மிளாவைக் காப்பாற்றப் போன கையை அவர் விடவே இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனுசரை நான் அவ்வளவு நேசித்த நேரம் வேறு இல்லை.

"விடுங்க! நீங்கள்லாம் மனுஷங்களா?" என்றார் விருந்தாளி.

நான் பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தேன். "சார், நேத்து நாம கெடுத்ததே போதும். அஞ்சு குட்டி கெடக்கு மேல. இன்னைக்கும் கெடுத்தா அதுக்கு என்னத்தக் கொண்டுபோகும்? உங்களால பாக்க முடியலைன்னா கண்ணை மூடிக்கங்க. ஹாரனைத் தொடாதீங்க." இதைச் சொல்லும்போதே, அந்தச் சென்னைக் கூட்டம் எங்கள் கையைவிட்டுப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. காக்கிச் சட்டை கண்முன் வந்து போனது. சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. கிழிந்த காதுக்காரி வயிறு தொங்கும் அளவுக்குத் தின்றுவிட்டுப் பாறையைப் பார்த்து ஏறியது. நான் லென்ஸைத் திருப்பி அதையே தொடர்ந்தேன். பாறை இடுக்கிலிருந்து குட்டிகள் ஓடிவந்து அதன் வாயை முட்டின. புல் மறைத்ததால் எத்தனை என்று எண்ண முடியவில்லை.

கொடைக்கானலுக்குள் இறங்கி வந்ததும் விருந்தாளி, நேற்று எல்லாம் திரும்பிப் பார்த்தபோது நானும் எடுத்தேனா என்று கேட்டார். எடுத்தேன் என்றேன். அதில் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். ஏரிக்கரையில் பிரிண்ட் போட வைத்திருந்த எங்கள் சின்னக் கடையைத் திறந்து, பழைய பிரிண்டரைத் தட்டி எழுப்பி, தேன்நிலவு ஜோடிகளுக்குக் கொடுக்கிற இதயம் போட்ட அட்டையில் வைத்துக் கொடுத்தேன். வேறு அட்டை இல்லை. மிளாவும் குட்டியும் நடுவில், செந்நாய்கள் இரண்டு பக்கமும், எல்லாம் நேராக நம்மைப் பார்த்தபடி. அவர் அதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க வந்தா இந்த மாதிரி கிடைக்குமா? எதுவும் சாகாம?" என்றார்.

"நேத்து செத்தே ஆகணும்னீங்க, இன்னைக்குச் சாகவே கூடாதுங்கறீங்க. நீங்க வர்ற தேதியைச் சொல்லிட்டுப் போங்க சார், செந்நாயை அன்னைக்கு விரதம் இருக்கச் சொல்லிப் பாக்கறேன்."

வாயை அடக்கியிருக்கலாம். என் வீட்டுக்காரர் எனக்கும் ஒரு கமர்கட்டை நீட்டினார். விருந்தாளி அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, போனது போனதுதான் என்று நானும் கடையைப் பூட்டினேன். விடுதியிலிருந்து சீருடை தைத்து வந்திருந்தது. தோள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து வேலை என்றார்கள்.

அந்த ஒன்றாம் தேதிக்கு முன்னால் போன் வந்தது. விருந்தாளிதான். கூட்டம், தேதி, அறை எதையும் அவர் முதலில் கேட்கவில்லை. "குட்டிங்க இருக்கா?" என்றார்.

"தெரியல சார். அந்தப் பக்கம் போகல."

"நாங்க வர்றோம். அவரையும் வரச் சொல்லுங்க. அவர்தான் ஓட்டணும்."

முழுக் கூட்டமும் வரவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுப் பாதிப்பேர் பின்வாங்கிவிட்டார்களாம். ஒரு ஜீப்பில் அடங்குகிற அளவுக்கு வந்தார்கள். அது போதும். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வேண்டுமென்றே நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதே வளைவு. பனி போய்விட்டிருந்தது, காலை வெயில் நேரே பாறையில் விழுந்தது. கிழிந்த காதுக்காரி மேலே படுத்திருந்தது. முதலில் ஒரு குட்டி வந்தது, பிறகு இரண்டு சேர்ந்து உருண்டுகொண்டு வந்தன. நன்றாக வளர்ந்திருந்தன, வால் நுனி கறுத்துவிட்டது. அவை ஓடைவரை இறங்கி, எங்களுக்கு எதிரிலேயே விளையாட ஆரம்பித்தன. பிறகு இன்னொன்று. விருந்தாளி முன்னிருக்கையில் கேமராவை எடுக்கவே இல்லை, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "நாலுதான் இருக்கு" என்று கிசுகிசுத்தார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த ஒரு பட்டினி நாளை அவர் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஐந்தாவது வந்தது. தன்னைவிடப் பெரிய ஒரு காய்ந்த தோல் துண்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு, அது புல்லில் சிக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டு வந்தது. "அஞ்சு" என்றார் விருந்தாளி. என் வீட்டுக்காரர் மூச்சை விட்டார்.

பின்னிருக்கையில் எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். ஐந்தும் ஐந்து பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. "அந்தச் சத்தம், ஒரே ஒரு தடவை குடுக்கச் சொல்லுங்களேன்" என்று யாரோ பின்னாலிருந்து கெஞ்சினார்கள். ஒரே ஒரு டொக். கிடைத்தால் அதைவிட நல்ல படம் மேல்மலையில் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். நான்கூட என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, ஒரு கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

விருந்தாளி குட்டிகள் மேலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையிலும் ஒன்று வைத்தார்.